முகாம் முடிந்த மறுநாள்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் மறைமாவட்டங்களில் இளையோர் முகாம்கள் தொடங்கிவிடும். மூன்று நாள் அல்லது ஐந்து நாள் நடக்கும். காலைச் செபம், பாடல், உரைகள், குழுப் பகிர்வு, இரவில் நற்கருணை ஆராதனை என்று நாள்கள் போகும். நெடுநாள் தள்ளிப்போட்ட ஒப்புரவு அருளடையாளத்தைச் சிலர் அங்கேதான் பெறுகிறார்கள். கடைசித் திருப்பலியில் கண் கலங்காத பிள்ளைகள் குறைவு. வீடு திரும்பும் மகனைப் பார்த்துத் தாய் வியக்கிறார். யாரும் சொல்லாமலேயே செபமாலையை எடுக்கிறான், தங்கையோடு சண்டைக்குப் போவதில்லை. இது எத்தனை நாள் நீடிக்கும் என்று பெற்றோரைக் கேட்டால் இரண்டு வாரம் என்பார்கள். "ஒரு வாரம் தாங்கினால் பெரிது, சாமி" என்று சொன்னவர்களும் உண்டு.

அதனால் முகாமே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மலைமேல் ஆண்டவரின் தோற்றம் மாறுகிறது. பேதுருவுக்கு அங்கேயே தங்கிவிட ஆசை. மூன்று கூடாரம் போடட்டுமா என்று கேட்கிறார். அவர் கேட்டதில் தவறு என்ன? நல்ல இடத்தை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் மறுநாளே எல்லாரும் கீழே இறங்குகிறார்கள். கீழே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அதன் நடுவே, பிள்ளையின் நோயால் நொந்துபோன ஒரு தந்தை நிற்கிறார். கீழேயே இருந்த மற்றச் சீடர்களால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியவில்லை. மலை, கூடாரம், கூட்டம், நோயாளி எல்லாம் ஒரே அதிகாரத்தில் வருகின்றன. அதற்கு அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் 72 பேரை இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்புகிறார். மலை அனுபவம் வீதிக்கு இறங்காவிட்டால் அது இரண்டு வாரத்தில் கரைந்துபோவதில் வியப்பில்லை.

வீதி என்றதும் நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வரும். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுவது, துண்டுப் பிரசுரம் கொடுப்பது, இதெல்லாம் பிற சபையினர் செய்வது, நம் வழக்கம் அல்ல என்கிறோம். இந்தத் தயக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. பிறர் வணங்குவதை இழித்துப் பேசி நற்செய்தியை அறிவிக்க முடியாது. வற்புறுத்தலோ, ஏமாற்றோ, எளியவர்களின் வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதோ கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சமயச் சுதந்திரம் பற்றிய 1965ஆம் ஆண்டு அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் தவறான முறை ஒன்று இருப்பதால் வீதியே நமக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. வீதியில் எப்படி நிற்பது என்பதைக் கத்தோலிக்க இளையோர் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிராங்க் ஷீட் 1897இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்தவர். தந்தை மார்க்சியச் சிந்தனையாளர். தாய் அயர்லாந்து வழிக் கத்தோலிக்கர். தந்தையின் விருப்பப்படி சிறுவயதில் சில ஆண்டுகள் மெதடிஸ்டு ஆலயத்துக்குப் போய்வந்தார். சட்டம் படித்த இளைஞராக 1920இல் இலண்டன் போனவர், அங்கே ஹைடு பூங்காவின் மூலையில் பொதுநிலையினர் சிலர் சிறு மேடைமீது நின்று கத்தோலிக்க நம்பிக்கையை விளக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். கத்தோலிக் எவிடன்ஸ் கில்ட் என்ற அந்த அமைப்பு 1918இல் தொடங்கப்பட்டிருந்தது. கடைகளில் வேலை பார்ப்பவர்கள், எழுத்தர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எனப் பல தரத்தினரும் அதில் இருந்தார்கள். ஷீட் அவர்களோடு சேர்ந்தார்.

நினைத்தவுடன் மேடை ஏறிவிட அங்கே இடமில்லை. மாலை வகுப்புகளில் படிக்க வேண்டும். பிறகு தேர்வு. கூட்டத்தில் எழக்கூடிய எல்லாக் கேள்விகளையும் பயிற்சி பெற்றவர்களே அங்கே எழுப்பித் துளைத்தெடுப்பார்கள். தேறியவருக்கு மறைமாவட்டத்தின் அனுமதி கிடைக்கும், அதுவும் முதலில் ஒரே ஒரு தலைப்புக்கு மட்டும். அந்தத் தலைப்புக்கு வெளியே யாராவது கேட்டால், "அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் அனுமதி இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் துடிக்கும் 20 வயதில், இது எனக்குத் தெரியாது என்று நாலு பேர் நடுவே சொல்லப் பழகுவது சிறிய தவமா? இன்னொரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது. மேடையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு நேரம் நற்கருணை நாதர் முன் முழந்தாளிட வேண்டும். பிற சபைகளைத் தாக்கிப் பேசக் கூடாது, கேள்வி கேட்பவரை எள்ளி நகையாடக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஷீட் மேடையில் சொன்னதாகப் பலரும் எடுத்துச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. உங்கள் கடவுள் படைத்த உலகத்தைவிட நல்ல உலகத்தை நானே படைத்திருப்பேன் என்று ஒருவர் கூட்டத்திலிருந்து சவால் விட்டாராம். உலகமெல்லாம் வேண்டாம், எங்களுக்கு நம்பிக்கை வர ஒரு முயலைப் படைத்துக் காட்டுங்கள், போதும் என்றாராம் ஷீட். நல்ல பதில்தான், கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கில்டின் பயிற்சி இத்தகைய பதில்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. வாதத்தில் வென்று ஆளை இழந்துவிடாதே என்பதே அங்கே அடிப்படைப் பாடம். தோற்றவர் வீட்டுக்குப் போய் அந்த அவமானத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார், கிறிஸ்துவை அல்ல. கில்டில் பலரைப் பயிற்றுவித்தவர் மெய்சி வார்டு என்ற பெண்மணி. அவரும் ஷீடும் 1926இல் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு இருவரும் சேர்ந்து ஷீட் அண்டு வார்டு என்ற பதிப்பகத்தையும் தொடங்கினார்கள். புகழ் வந்த பிறகும், முதுமையிலும்கூட, வீதி மேடையை இருவருமே விட்டுவிடவில்லை.

எல்லாருக்கும் பேச்சு வராதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பேச்சே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. அது ஒரு மாபெரும் இளையோர் கூடுகையிலிருந்தே பிறந்தது.

2005 ஆகஸ்டு 16 முதல் 21 வரை ஜெர்மனியின் கொலோன் நகரில் உலக இளையோர் நாள் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணம் அதுதான். கொலோன் பேராலயத்தில் ஞானிகள் மூவரின் திருப்பண்டங்கள் வைக்கப்பட்டிருப்பதால், குழந்தை இயேசுவை வணங்க ஞானிகள் வந்த நிகழ்வே மையக் கருத்தாக இருந்தது. நகருக்கு வெளியே மரியன்ஃபெல்டு என்ற திறந்தவெளியில், ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய இடத்தில், இளையோர் பல இலட்சம் பேர் இரவில் நற்கருணை முன் அமைதியாக இருந்தார்கள். ஞானிகள் வேறு வழியாகத் தங்கள் நாடு திரும்பினார்கள் என்கிறது மத்தேயு நற்செய்தி. இந்த இளையோர் எந்த வழியாகத் திரும்புவார்கள்?

அருகிலுள்ள பான் நகரின் இளையோர் சிலர் அந்த அமைதியை அப்படியே விட்டுவிட விரும்பவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, நகர நடுவிலுள்ள புனித ரெமிஜியுஸ் ஆலயத்தில் ஓர் இரவு வழிபாட்டை ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஒருமுறை என்று தொடங்கியதுதான். இன்று 'நைட்ஃபீவர்' என்ற பெயரில் பல நாட்டு நகரங்களில் நடக்கிறது. முறை மிக எளிது. மாலைத் திருப்பலிக்குப் பின் நற்கருணை எழுந்தேற்றம் செய்யப்படும். ஆலயம் முழுக்க மெழுகுவர்த்தி வெளிச்சம், மெல்லிய பாடல், ஒப்புரவுக்குக் காத்திருக்கும் அருள்பணியாளர்கள். இளையோர் இருவர் இருவராகக் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். எதிரே வருபவரிடம் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டி, உள்ளே வந்து ஏற்ற விருப்பமா என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். வேண்டாம் என்றால் வாழ்த்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சரி என்றால் ஆலய வாசல்வரை கூட நடக்க வேண்டும். அதற்குமேல் அது அந்த மனிதருக்கும் ஆண்டவருக்கும் இடையிலான காரியம். தெருவில் இருப்பவர்களுக்காக உள்ளே சிலர் செபித்துக்கொண்டிருப்பார்கள், பிறகு ஆள் மாறும்.

இது எளிதாகத் தெரியலாம். செய்து பார்த்தால்தான் தெரியும். நூறு பேர் போகும் தெருவில் முகம் திருப்பிக்கொள்வோரே அதிகம் இருப்பார்கள். சிலர் திருச்சபைமீது உள்ள கோபத்தையெல்லாம் அந்தப் பிள்ளைமீது கொட்டுவார்கள். அப்போது பதில் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பது ஓர் இளைஞருக்குப் பெரிய பயிற்சி. முகாமில் எல்லாரும் நம்மைப் போலவே நம்புகிறவர்கள். தெருவில்தான் நம் நம்பிக்கை, நமக்கு அறிமுகமே இல்லாத ஒருவரின் துயரத்தைச் சந்திக்கிறது. மறுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று தெரிந்த பிறகு பாடுகளின் வரலாற்றை வாசித்தால், அது வேறு விதமாகக் கேட்கும்.

இது அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கோவாவின் தெருக்களில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிய புனித பிரான்சிஸ் சவேரியார், 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து கற்பித்தார். நோயாளிகளின் வீடுகளுக்கு எல்லாம் அவரால் போக முடியாதபோது, செபம் கற்ற சிறுவர்களை அனுப்பினார். வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி அந்தப் பிள்ளைகள் செபித்ததை அவரே தம் மடலில் எழுதியிருக்கிறார். நம் மண்ணில் வீதிக்குப் போன முதல் இளையோர் குழு என்று அவர்களைத்தான் சொல்வேன்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். பான் நகரில் தெருவுக்குப் போய் அழைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கும் சகாய மாதா நவநாளுக்கும் எத்தனை பிற சமயச் சகோதர சகோதரிகள் தாங்களாகவே வருகிறார்கள்! ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, கெபியின் முன் ஐந்து நிமிடம் கண்மூடி நின்றுவிட்டுப் போகிறார்கள். அவர்களை யாராவது வரவேற்கிறோமா? செருப்பை இங்கே விடாதீர்கள் என்று சொல்வதற்கு மட்டும் நம்மிடம் ஆள் இருக்கிறது.

ஆகவே இளையோர் இயக்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமையே, அது ஆறுவதற்கு முன்பே, பிள்ளைகளை இருவர் இருவராக ஆலய வாசலில் நிறுத்துங்கள். இருவர் வாசலில் நிற்கும்போது வேறு இருவர் நற்கருணை முன் இருக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வருபவரின் ஊர், பெயர், மதம் எதையும் கேட்க வேண்டாம். கையில் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். "யாருக்காவது செபிக்க வேண்டுமா அம்மா?" என்று கேட்டால் போதும். சொல்லாமல் போனால் போகட்டும். சொன்னால், அந்தக் கருத்தை ஒரு தாளில் எழுதிப் பீடத்தின் அருகே உள்ள கூடையில் போடுங்கள். மறுநாள் காலைத் திருப்பலியின் மன்றாட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுமாறு உங்கள் பங்குத்தந்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.