உங்களுக்குத் தெரியுமா? சொரியாசிஸ் எலும்பையும் தொடும்

சொரியாசிஸ் என்றால் தோலில் செதில் உதிரும் நோய் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் தோலைத் தடிக்கச் செய்யும் அதே அழற்சிப் புரதங்கள், குறிப்பாக டிஎன்எஃப் ஆல்ஃபாவும் இன்டர்லூகின்-17-உம், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களையும் முடுக்கிவிடுகின்றன. மூட்டழற்சியும் சேர்ந்துகொண்டால் (சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேருக்கு வரை இது வரலாம்) விசித்திரமான ஒன்று நடக்கிறது. ஒரே விரல் மூட்டில் ஒரு பக்கம் எலும்பு அரிக்கப்படும். பக்கத்திலேயே, தேவையில்லாத இடத்தில் புது எலும்பு முளைக்கும்.

“எலும்பைக் கெடுப்பது ஸ்டீராய்டு மாத்திரைதானே, நோய் இல்லையே?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் எலும்பு மெலியும் அபாயம் உண்மைதான். மருத்துவர் சொன்ன அளவில் பூசும் ஸ்டீராய்டு களிம்பை அதற்கு இணையாக வைத்து அஞ்ச வேண்டாம். ஆனால் மாத்திரையே தொடாதவரின் மூட்டிலும் எலும்பு அரிக்கப்படுகிறது என்பதால் நோயை விடுவிக்க முடியாது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்ததாக எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்கு ஒரு காரணம் அளவீட்டிலேயே இருக்கிறது: முதுகெலும்பில் முளைத்த புது எலும்பையும், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அடர்த்தியாகவே கணக்கிடும், உள்ளே இருக்கும் மெலிவு மறைந்துபோகும். அதனால் முதுகுத்தண்டு அளவு நன்றாக இருந்தாலும், இடுப்பு எலும்பின் அடர்த்தி மதிப்பெண்ணான டி-ஸ்கோர், எலும்பு மெலிவு நோயைக் குறிக்கும் –2.5 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.