சைலன்சருக்குள் ஓர் ஒலிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் ஒலிப் பாடம் தொடங்கும் நாளில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: வண்டியின் சைலன்சர் சத்தத்தை என்ன செய்கிறது? ஜவ்வாது மலையில் இதற்குப் பதில் சொல்லாத மாணவர் இல்லை. எதிர்மலை வளைவில் வண்டி தலைகாட்டும் முன்பே, சத்தத்தை வைத்து இது யாருடைய வண்டி என்று சொல்லிவிடுகிற பிள்ளைகள் இவர்கள். “உள்ளே பஞ்சு இருக்கு சார், அது சத்தத்தைக் குடிச்சிடும்” என்பான் ஒருவன். “தகடு வச்சு அடைச்சிருக்காங்க” என்பாள் இன்னொருத்தி. மாமாவின் மெக்கானிக் கடையில் நின்று வேடிக்கை பார்த்த பையன் மட்டும், “அறுத்துப் போட்டதைப் பாத்திருக்கேன் சார், உள்ளே வெறும் அறையும் குழாயும்தான்” என்பான். நமக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பதில். வெறும் அறையும் குழாயும் எப்படிச் சத்தத்தைக் குறைக்கும்?

பஞ்சு வைத்த சைலன்சரும் உண்டு. கண்ணாடி இழையோ எஃகு இழையோ திணித்து, ஒலியை வெப்பமாக மாற்றும் வகை அது. ஆனால் சாலையில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் நம்பியிருப்பது வேறொரு தந்திரத்தை. குழாய் திடீரென்று அகலமானாலோ குறுகினாலோ ஒலியின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். கிணற்றில் கூப்பிட்டால் குரல் திரும்புவது போன்ற எதிரொலிப்புதான் இதுவும். வித்தியாசம், இங்கே மோதுவதற்குச் சுவர் தேவையில்லை, அகலம் மாறினாலே போதும். திரும்பிய அலை, பின்னால் வரும் அலையைச் சந்திக்கிறது. ஒன்றின் நெருக்கமும் மற்றதன் நெகிழ்வும் ஓரிடத்தில் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சத்தத்தை அடைப்பதில்லை, சத்தத்தை வைத்தே சத்தத்தைக் குறைக்கிறோம். புகை மட்டும் தடையின்றி வெளியேற வேண்டும். அது தடைப்பட்டால் எஞ்சின் மூச்சுத் திணறி வலுவிழக்கும்.

இந்தப் பாடத்தை நடத்த மிகக் கடினமான எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். எளிய எடுத்துக்காட்டில் விதி தெரியும். கடினமானதில்தான் விதியின் விலை தெரியும். அப்படி நான் எடுத்துக்கொள்வது விமானத்தில் பொருத்தப்படும் ரோட்டரி எஞ்சின்.

வீட்டுப் பட்டறையிலேயே சிறு விமானம் கட்டுவோர் உலகில் பலர் உண்டு. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானம் 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைக்கப்பட்டதைப் பல ஆசிரியர்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் இப்படிக் கட்டுவோரில் சிலர் மஸ்தா காரின் ‘13பி’ என்னும் ரோட்டரி எஞ்சினை விரும்பி எடுப்பதுண்டு. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இதில் இல்லை, வால்வும் இல்லை. நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள் முக்கோண வடிவச் சுழலி ஒன்று உருள்கிறது. சிறியது, எடை குறைவு, அதிர்வும் குறைவு. ஜெர்மனியின் பெலிக்ஸ் வான்கெல் வடிவமைத்ததால் வான்கெல் எஞ்சின் என்றும் பெயர். முதல் மாதிரி ஓடியது 1957-இல்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கதை உண்டு. நம் மலைக்கு வடமேற்கே, மாநில எல்லையைத் தாண்டினால் கோலார். அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பழைய ஓடுதளம் ஒன்றில், 2009 ஏப்ரலில், ‘நிஷாந்த்’ என்னும் ஆளில்லா விமானம் உள்நாட்டில் செய்த வான்கெல் எஞ்சினுடன் பறந்தது. எஞ்சினின் எடை சுமார் 30 கிலோ. திறன் 55 குதிரைத் திறன் வரிசை. பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம், அகமதுநகரின் வாகன ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவின் வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்தது. 30 கிலோவை இரண்டு மாணவர்கள் தூக்கிவிடுவார்கள். 55 குதிரைத் திறன் என்றால் ஒரு பெரிய டிராக்டர். இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்கிறது.

இத்தனை நல்ல எஞ்சினுக்கு ஒரு கெட்ட பெயர்: காது கிழியும் சத்தம். 1991-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி காரை இன்றும் அதன் அலறலுக்காகவே நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. காரணம் எளிது. பிஸ்டன் எஞ்சினில் வால்வு படிப்படியாகத் திறக்கிறது. புகை சற்றே நிதானமாக வெளியே வருகிறது. ரோட்டரியில் சுழலியின் விளிம்பு புகைத்துளையைக் கடந்த கணமே துளை திறந்துவிடுகிறது. உள்ளே இன்னும் அழுத்தம் மிகுந்திருக்கும் வாயு ஒரே வெடிப்பாகப் பாய்கிறது. பலூனின் வாயை மெல்லத் திறப்பதற்கும் ஊசியால் குத்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வாயு சூடாகவும் இருக்கிறது. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிக்கூடப் போகும்.

இனிக் கணக்கு. ரோட்டரியின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு சுழலிக்கு ஒரு வெடிப்பு. 13பி-யில் இரண்டு சுழலிகள். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று, ஆகவே 200 வெடிப்பு. அடிப்படை அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 400, 600, 800 எல்லாம் கூடவே வரும். ஊரில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் புல்லட் 3000 சுற்றில் நொடிக்கு 25 வெடிப்புதான் தருகிறது. அது ‘டப் டப்’ என்று கேட்பதும் இது அலறலாகக் கேட்பதும் அதனால்தான்.

குழாயின் பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாய் வைத்து அதன் முனையை மூடிவிட்டால், கால் அலைநீளம் உள்ள கிளை அந்த அதிர்வெண்ணைப் பிடித்துவிடும். அலை கிளைக்குள் கால் பங்கு போய், கால் பங்கு திரும்பி, அரை அலைநீளம் பிந்தி வந்து, எதிராக நின்று அழிக்கும். அப்படியானால் 200 ஹெர்ட்ஸுக்குக் கிளையின் நீளம் என்ன? வகுப்பறை வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 347 மீட்டர், அலைநீளம் 1.73 மீட்டர், கால் பங்கு 43 செ.மீ. மாணவர்கள் இதைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் புகை அறை வெப்பநிலையில் இல்லையே.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் சற்று நிற்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பாடநூலில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒலியின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பது ஒன்று. ஒரு டிகிரிக்கு 0.61 மீட்டர் கூடும் என்பது மற்றொன்று. நம் பிள்ளைகள் கூட்டல் எளிது என்று இரண்டாவதையே பிடித்துக்கொள்கிறார்கள். 727 டிகிரி செல்சியஸ், அதாவது 1000 கெல்வின் புகைக்கு அதைப் போட்டால் வேகம் 774 வரும். வர்க்கமூல விதியைப் போட்டால் சுமார் 630. எது சரி? வர்க்கமூலம்தான். 0.61 என்பது அந்த வளைகோட்டின் தொடக்கத்தில் ஒட்டவைத்த ஒரு நேர்கோடு. நம் ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் அது போதும், எஞ்சின் புகைக்குப் போதாது. 630-ஐ வைத்தால் கிளையின் நீளம் 79 செ.மீ.; 774-ஐ வைத்தால் 97 செ.மீ. பதினெட்டு செ.மீ. தவறிய கிளை, குறிவைத்த சத்தத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிக்கும். சமன்பாட்டின் எல்லையைப் புரியவைக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

79 செ.மீ. நீளக் கிளையைச் சிறு விமானத்தின் மூக்குக்குள் எங்கே வைப்பது? சூடு ஏற ஏற அலைநீளம் கூடுகிறது, அலைநீளம் கூடக்கூட சைலன்சரும் நீள்கிறது. விமானத்திலோ இடமும் இல்லை, எடைக்கும் அனுமதி இல்லை.

கிளைக்குப் பதில் அறை வைக்கலாம். 5 செ.மீ. விட்டமுள்ள குழாய், 15 செ.மீ. விட்டமுள்ள உருளைக்குள் திறந்து, மறுமுனையில் மீண்டும் 5 செ.மீ. குழாயாக வெளியேறுவதாகக் கொள்வோம். பரப்பு 9 மடங்கு. அறையின் நீளம் கால் அலைநீளமாக இருந்தால் குறைப்பு சுமார் 13 டெசிபல். அதாவது ஒலி ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே வெளியேறும். நீளத்தை 30 செ.மீ.க்குச் சுருக்கினால் குறைப்பு 8 அல்லது 9 டெசிபலாக இறங்கிவிடும். விட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால், பரப்பு 16 மடங்காகி, அதே 30 செ.மீ. நீளத்தில் மறுபடி 13 கிடைக்கும். நீளம் இல்லையென்றால் வயிறு பெருக்க வேண்டும்.

அறைக்கு ஒரு செவிட்டுத்தனமும் உண்டு. அதன் நீளம் சரியாக அரை அலைநீளமாக இருக்கும் அதிர்வெண்ணை அது ஒன்றுமே செய்யாது. அந்த ஒலி அறையே இல்லாதது போல் கடந்துவிடும். 200 ஹெர்ட்ஸுக்குச் சிறப்பாக அமைத்த 79 செ.மீ. அறை, 400 ஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம். மிகச் சிறந்த அறையே எஞ்சினின் இரண்டாவது சுரத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது!

இதற்கான தீர்வு அழகானது. உள்ளே வரும் குழாயை அறையின் சுவரோடு நிறுத்தாமல் அறையின் பாதி நீளம் வரை உள்ளே நீட்டுகிறார்கள். வெளியேறும் குழாயைக் கால் பங்கு நீட்டுகிறார்கள். குழாயைச் சுற்றி வளையமாக ஓர் இடைவெளி உண்டாகிறது அல்லவா, அது ஒரு பக்கம் மூடிய கிளைக் குழாயாகவே வேலை செய்கிறது. பாதி நீட்டல் அறையின் முதல் செவிட்டு அதிர்வெண்ணைப் பிடிக்கிறது. கால் நீட்டல் இரண்டாவதைப் பிடிக்கிறது. வெளியே தொங்கியிருக்க வேண்டிய கிளைகள் இரண்டும் அறைக்குள்ளேயே மடங்கிவிட்டன. கூடுதல் இடம் தேவையில்லை. எடையும் கொஞ்சம்தான் கூடும்.

சைலன்சர் அறிவியலில் உலகெங்கும் எடுத்துப் பார்க்கும் நூல்களில் ஒன்று நம் பக்கத்திலிருந்து வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் எம்.எல். முஞ்சால் குழாய்கள், சைலன்சர்களின் ஒலியியல் பற்றி எழுதிய நூல் 1987-இல் வெளியானது. அதில் விரியும் வழிமுறை கணித ஆசிரியர்களுக்கு இனிக்கும். சைலன்சரின் ஒவ்வொரு பகுதியையும் 2×2 அணியாக எழுதி, வரிசைப்படி பெருக்கினால் முழுச் சைலன்சரின் நடத்தையும் கிடைத்துவிடும். அணிப் பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறும் என்று பத்தாம் வகுப்பில் நடத்துகிறோம். “எங்கே சார் இது பயன்படும்?” என்று கேட்கும் மாணவருக்கு, குழாயும் அறையும் இடம் மாறினால் சத்தம் மாறும் என்று காட்டலாம்.

கணக்கில் வென்றாலும் விமானத்தில் உலோகம் தோற்கலாம். ரோட்டரியின் துடிப்பிலும் சூட்டிலும் பஞ்சு வகைத் திணிப்பு சீக்கிரம் கருகிப் பறந்துவிடும். மெல்லிய தகடுகள் வெடிக்கும். உள்ளே உடைந்த தகடு புகைவழியை அடைத்தால் சாலையில் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். வானில் அப்படி இல்லை. அதனால் விமானம் கட்டுவோர் உட்பகுதிகளைக் குறைத்து, நிக்கல் கலந்த உலோகக் கலவைகளை நாடுகிறார்கள். சிலர் டர்போசார்ஜர் பொருத்துகிறார்கள். புகையின் வேகத்தில் சுழலும் அந்தச் சக்கரம் வெடிப்பின் கூர்மையை மழுக்கிவிடுவதால் பாதிச் சைலன்சராகவும் உதவுகிறது.

இதில் கிளைக் குழாயை மட்டும் வகுப்பறையில் செய்து பார்க்கலாம். ஓர் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மூன்றும், ‘டி’ வடிவ இணைப்பு ஒன்றும் போதும். நேர்வழியின் ஒரு முனையில் கைப்பேசியின் ஒலிபெருக்கியை வைத்து, ஈரத்துணியால் நன்றாகச் சுற்றுங்கள். இடுக்கு இருந்தால் ஒலி வெளிவழியே வந்து சோதனையைக் கெடுக்கும். மறுமுனையில் ஒரு மாணவர் காது கொடுக்கட்டும். கிளைக்குள் துணி சுற்றிய குச்சியை உலக்கை போல் நகர்த்த வேண்டும். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. 1000 ஹெர்ட்ஸ் வைத்தால், உலக்கை 9 செ.மீ.யை ஒட்டி வரும்போது சத்தம் சட்டென்று அமுங்கும். என் வகுப்பில் முதல்முறை அமுங்கியபோது, கைப்பேசி அணைந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாணவி உலக்கையை மேலும் இழுத்துக்கொண்டே போய் 26 செ.மீ. அருகில் மறுபடி சத்தம் அமுங்குவதைக் கண்டாள். அது முக்கால் அலைநீளம். கிளை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில் ‘டி’ இணைப்பு கொஞ்சம் குழப்பம் தரும். ஆனால் இரண்டு அமைதிப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை எடுத்தால் அந்தக் குழப்பம் கழிந்துவிடும். அது சரியாக அரை அலைநீளம். மேல்நிலை வகுப்பின் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பச் சோதனையும் இதே உத்திதான். ஏப்ரல் நண்பகலில், 35 டிகிரியில், அந்தத் தூரம் 17.6 செ.மீ. வர வேண்டும். டிசம்பர் காலையில் நம் மலை 12 டிகிரிக்கு இறங்கும்போது 16.9. ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரண அளவுகோலிலேயே தெரியும். ஏப்ரல் அளவைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். டிசம்பரில் முதல் பாடவேளையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன்.