சுடுகாட்டு மல்லிக்கு ஜாதிமல்லி சொன்ன சேதி

நம்ம பள்ளிக்கூடச் சுவரோரம் பூத்துக் கிடக்கும் நித்யகல்யாணியை எங்க தெருவில் 'சுடுகாட்டு மல்லி' என்பார்கள். ஆடுகூட அதில் வாய் வைக்காது. நானும் அதை மதிச்சதில்லை.

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தப்ப, நர்ஸ் அக்கா ஒரு ஊசி மருந்தைக் காட்டி, "இது வின்கிரிஸ்டின். நித்யகல்யாணியிலிருந்து வர்ற மருந்து" என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம்!

தாவரவியல் டீச்சரிடம் கேட்டேன். இலையில் இம்மருந்துகள் மிகமிகக் கொஞ்சம்தானாம். இதே செடி தரும் இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டின் 1 கிராம் எடுக்க, சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டுமாம். அப்படின்னா செடியையே அதிகமாகத் தயாரிக்க வைக்க முடியாதா?

அதற்குத்தான் ஹார்மோன். இலையைப் புழு கடித்தால் செடிக்குள் 'ஜாஸ்மோனேட்' என்ற ஹார்மோன் சுரக்கும். இதன் ஒரு வகையான மீத்தைல் ஜாஸ்மோனேட்டை முதலில் கண்டது 1962-ல், ஜாதிமல்லி எண்ணெயில்! அதைக் கொடுத்தால், புழு கடிக்காமலே நித்யகல்யாணி உஷாராகிவிடும்.

எப்படி? நம்ம பள்ளிக்கூட மணியை நினைச்சுக்கோங்க. மணியடிப்பவர் 'மிக்-2' என்ற புரதம். அவர் கையை 'ஜாஸ்' என்ற புரதம் பிடித்து வைத்திருக்கிறது. ஹார்மோன் வந்ததும் செல் அந்த ஜாஸைச் சிதைத்துவிடும். கை விடுபட்டதும் மணி அடிக்கும். 'ஓர்கா-3' என்ற மரபணு விழித்துக்கொள்ளும். அது ஆல்கலாய்டு செய்யும் வேறு பல மரபணுக்களை எழுப்பிவிடும். ஓர்கா-3 பற்றி 2000-ல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

அப்போ ஹார்மோனை ஊற்றிக்கிட்டே இருந்தா மருந்து கொட்டுமா? கொட்டாது. தேவையான எல்லா மரபணுக்களும் ஓர்கா-3 பேச்சைக் கேட்பதில்லை. ஹார்மோன் அதிகமானால் செடியின் வளர்ச்சியும் குன்றிவிடும்.

இன்னொரு விஷயம். எங்க பாட்டி ஆசையாக அந்த இலையில் கஷாயம் வைக்கப் போனாங்க. டாக்டர், "வேண்டாம்மா, அது விஷம். அளந்து ரத்தக்குழாயில் ஏற்றினால்தான் மருந்து" என்று தடுத்துவிட்டார்.

தம்பி இப்போ 3-ஆம் வகுப்பு படிக்கிறான். அதனால நண்பர்களே, சுவரோரம் அந்தப் பூவைப் பார்த்தால் மிதிக்காதீங்க. வாயிலும் வைக்காதீங்க!

– 12-ஆம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு