விறகைப் பச்சையிலேயே பிளந்து அடுக்குங்கள்

சமையல் எரிவாயு கிராமங்களுக்கு வந்துவிட்ட போதிலும், விறகடுப்பு இன்னும் அணைந்துவிடவில்லை. வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், கருப்பட்டி காய்ச்சவும், கல்யாணச் சமையலுக்கும் விறகு தேவைப்படுகிறது. ஏரி, கண்மாய், தரிசு நிலங்களில் சீமைக்கருவேல் அகற்றப்படும் ஊர்களில் பருத்த கட்டைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் பலர் அவற்றை முழுக்கட்டையாகவே மாதக்கணக்கில் போட்டு வைத்து, அடைமழை தொடங்கும்போதுதான் கோடாலியை எடுக்கின்றனர். அதற்குள் மேற்புறம் இரும்பாக இறுகிவிடுகிறது; உட்புறம் ஈரமாகவே இருக்கிறது. உழைப்பும் வீணாகிறது, விறகும் புகைகிறது. மரத்தை வெட்டிய இரண்டு வாரங்களுக்குள் பிளந்து அடுக்கிவிட்டால் இவ்விரண்டு தொல்லைகளையும் தவிர்க்கலாம்.

தண்ணீருக்கு விலை கொடுக்கலாமா?

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர்தான். 100 கிலோ பச்சை விறகில் 40 கிலோ தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எரியக்கூடிய பொருள் 60 கிலோ மட்டுமே. அதை நன்கு உலர்த்தி, ஈரம் 20 சதவீதமாகக் குறைந்தால் எடை 75 கிலோவாக இருக்கும். பச்சை விறகை எடை போட்டு வாங்குபவர் இந்த 25 கிலோ வித்தியாசத்துக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

நஷ்டம் இதோடு நிற்பதில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். 40 கிலோ தண்ணீருக்கு 24,000 கிலோ கலோரி ஆகிறது. ஐந்து கிலோவுக்கும் அதிகமான உலர்ந்த மரம் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் இது. மேலும், நீராவி தீயின் சூட்டைத் தணிப்பதால் மரத்திலிருந்து வரும் வாயுக்கள் முழுதும் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. அந்தப் புகை போய்ச் சேருவது அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும்தான். விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் ஏற்படும் புகையினால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே ஈர விறகைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஏன் பிளக்க வேண்டும்?

மரத்தின் நார்கள் மெல்லிய குழாய்கள்போல நீளவாக்கில் அமைந்தவை. ஈரம் இரு முனைகளின் வழியே எளிதாக வெளியேறும். பக்கவாட்டில் மிக மெதுவாகவே வெளியேறும். மேலே உள்ள பட்டை அதையும் அடைத்துவிடுகிறது. கட்டையைப் பிளந்தால் உட்புறம் காற்றுக்கும் வெயிலுக்கும் திறந்துவிடுகிறது. ஈரமுள்ள மரத்தில் நார்களுக்கு இடையேயான பிடிப்பு குறைவாக இருப்பதால் பிளப்பதும் எளிது. கருவேல், சீமைக்கருவேல் போன்ற வைரம் பாய்ந்த மரங்களில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கருவிகள்

மரத்தை வெட்டும் மெல்லிய கோடாலி பிளப்பதற்கு ஏற்றதன்று. அது கட்டையில் கடித்துக்கொள்ளும். வாய்ப்பகுதியிலிருந்து பின்புறம் நோக்கி ஆப்பு போலத் தடித்துச் செல்லும் கனமான கோடாலியே தேவை. அத்துடன் இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு சம்மட்டியும் இருக்க வேண்டும். கோடாலியின் பின்புறத்தால் ஆப்பை அடிக்கக் கூடாது. காம்பு நுழையும் துளை நாளடைவில் விரிசல் விட்டுவிடும்.

காம்பு தளர்ந்தால் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. இது அன்றைய பொழுதுக்கு மட்டுமே உதவும். காம்பு மீண்டும் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். காம்பின் தலையில் புதிய ஆப்பு அடித்து இறுக்குவதே சரியான முறை. அடிபட்டு ஆப்பின் தலை ஓரங்கள் பூப்போல விரிந்திருந்தால் அரத்தால் தேய்த்து நீக்கிவிட வேண்டும். அந்த விளிம்புகள் சிதறித் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

பிளக்கும் முறை

1. கட்டைகளை அடுப்புக்கு ஏற்ப 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளத்தில் அறுத்துக்கொள்ளவும். நீளம் குறையக் குறையப் பிளப்பது எளிதாகும்.

2. சுமார் ஒரு முழ உயரமுள்ள அகன்ற தாங்கு கட்டையின்மேல் வைத்துப் பிளக்க வேண்டும். குறி தவறினாலும் கோடாலி தாங்கு கட்டையில் இறங்கும், காலுக்கு வராது.

3. அறுத்த முகப்பில் மையத்திலிருந்து ஓரம் நோக்கி ஓடும் வெடிப்புகளைக் கவனித்து, அந்த வரிசையிலேயே அடிக்கவும். கணு இருந்தால் அது கீழ்ப்புறம் இருக்கும்படி நிறுத்தவும்.

4. 30 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த கட்டையை நடுவில் அடிக்க வேண்டாம். ஓரத்திலிருந்து பலகை பலகையாகப் பெயர்த்துக்கொண்டு சுற்றி வந்தால் நடுக்கட்டை சிறுத்துவிடும்.

5. புளி, வேம்பு ஆகியவற்றில் நார்கள் பின்னிக் கிடப்பதால் கோடாலி மட்டும் போதாது. வெடிப்பில் ஓரத்தை ஒட்டி ஓர் ஆப்பை இறக்கி, பிளவு திறந்ததும் அடுத்த ஆப்பை முன்னே வைத்து அடித்தால் முதல் ஆப்பு தானே விடுபடும். கவட்டைக் கட்டைகளோடு போராட வேண்டாம். பெரிய அடுப்புகளுக்கு முழுதாகவே பயன்படுத்தலாம்.

கட்டையைக் காலால் மிதித்தோ கையால் பிடித்தோ பிளப்பதை அறவே விட்டுவிட வேண்டும். கால்களை அகற்றி நின்று, கோடாலி இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கினால் வீச்சு நேர் கீழாக முடியும். மூடிய செருப்பு அல்லது பூட்ஸும், கண்ணாடியும் அணிவது நல்லது. ஐந்து மீட்டர் சுற்றளவுக்குள் குழந்தைகள் வரக் கூடாது. சீமைக்கருவேல் முள் குத்திவிட்டால் முள்ளை முழுதும் எடுத்துக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூலிக்குப் பிளக்க ஆள் வைப்போர், அவருடைய காலுக்கும் கண்ணுக்கும் தாங்களே பொறுப்பு என்று கருதி இவற்றை வாங்கித் தரலாம்.

அடுக்குவதும் காயவைப்பதும்

கல் அல்லது செங்கல்லின்மேல் குறுக்குக் கட்டைகள் போட்டு, தரையில் படாமல் அடுக்கினால் கரையான் ஏறுவதைக் குறைக்கலாம். காற்று புக இடைவெளி விட்டு, வரிசைக்கு வரிசை குறுக்காக அடுக்கவும். மழைக்காலத்தில் மேற்புறம் மட்டும் ஓலையால் மூடினால் போதும். பக்கங்களையும் சேர்த்து மூடினால் உள்ளே புழுக்கம் ஏற்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். அடுக்கு, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். பாம்பும் தேளும் அதில் தங்கும் என்பதால், கை வைக்குமுன் கோலால் தட்டிப் பார்த்து எடுக்கவும்.

காய்ந்ததை எப்படி அறிவது? இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். முனைகளில் வெடிப்பு காணும், பட்டை எளிதில் உரியும். இன்னும் திட்டமாக அறிய, ஒரே துண்டைக் குறியிட்டு வைத்து 15 நாட்களுக்கு ஒரு முறை எடை போடலாம். எடை மேலும் குறையாமல் நின்றுவிட்டால் விறகு தயார்.

தை, மாசியில் வெட்டிப் பிளந்து அடுக்கினால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் செலவில்லாமல் காயவைத்துத் தரும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படியில் கண்ணீர் வராமல் இருக்க வேண்டுமானால், கோடாலியை எடுக்க வேண்டிய காலம் தை மாதமே.