ஏசியில் ஐஸ் கட்டுதா? 'கேஸ் கம்மி'ன்னு சொன்னதும் பர்ஸை எடுக்காதீங்க!



ஏப்ரல் மாசம், ராத்திரி 2 மணி. போத்தனூர் வாடகை வீட்டில் நல்ல தூக்கத்தில் இருக்கேன். நெத்தியில் சொட்டுன்னு ஒரு துளி. மழை ஒழுகுதோன்னு எழுந்து பார்த்தா, ஏசியிலிருந்து தண்ணி. மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா, காயில் முழுக்க வெள்ளையா ஐஸ். பழைய ஃப்ரிட்ஜோட ஃப்ரீஸர் மாதிரி இருந்துச்சு.

காலையில் ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அஞ்சே நிமிஷத்தில் தீர்ப்பு: "கேஸ் கம்மி சார், 3,200 ஆகும்." இதே வசனத்துக்குப் போன வருஷமும் 2,800 ரூபாய் கொடுத்திருந்தேன். அந்த ஏசியோட ஈஎம்ஐயே இன்னும் ரெண்டு மாசம் பாக்கி!

"சாயங்காலம் சொல்றேங்க"ன்னு அனுப்பிட்டு, பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட போனேன். ரயில்வேயில் ஏசி மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏனுங் தம்பி, ஃபில்டரைக் கடைசியா எப்பக் கழுவுனீங்க?"

நான் முழிச்சேன். "போன தீபாவளிக்குன்னு நினைக்கிறேங்கண்ணா..."

"கேஸ் என்ன பெட்ரோலுங்களா, ஓட ஓடத் தீர்றதுக்கு? முதல்ல ஃபில்டரைக் கழட்டுங்க."

கழட்டினா, வலையே தெரியலை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி!

ஐஸ் ஏன் கட்டுது?

ஏசி ஓடும்போது இன்டோர் யூனிட் காயில் ரொம்பக் குளிர்ச்சியா இருக்கும், ஆனா சாதாரணமா பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது. ரூம் காத்தில் இருக்கிற ஈரம் அதில் பட்டுத் தண்ணியாகி, ட்ரெய்ன் பைப் வழியா வெளியே போயிடும்.

காயில் பூஜ்யத்துக்குக் கீழே போனா அந்த ஈரம் அப்படியே உறைஞ்சிடும். அதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம்:

1. காத்து பத்தலை. ஃபில்டர், காயில், ப்ளோயர் எதிலாவது அழுக்கு அடைச்சிருக்கும். ரூமோட சூடு காயிலுக்கு வந்து சேராது.

2. கேஸ் குறைஞ்சிருக்கு. பிரஷர் இறங்கி காயில் அளவுக்கு மீறிக் குளிரும். ஆனா ஏசியில் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயேதான் சுத்துது. குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம்.

சென்சார் கோளாறு, ப்ளோயர் மோட்டார் மெதுவாச் சுத்துறது மாதிரி காரணங்களும் உண்டு. ஆனா சோதனையைக் காசு செலவில்லாத இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

கூலிங் போகலைன்னா போகட்டும்னு ஓட்டலாமா?

கூடாது. ஐஸ் காத்தை மறைக்கும், காத்து குறைய இன்னும் ஐஸ் கட்டும். ரூம் நீங்க வெச்ச டெம்பரேச்சருக்கு வராததால் இன்வெர்ட்டர் ஏசியோட கம்ப்ரஸர் வேகத்தைக் குறைக்காமலே ஓடிட்டிருக்கும். நமக்கோ ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங். யூனிட் ஏற ஏற ஸ்லாப் ரேட்டும் ஏறும். போதாக்குறைக்கு, ஆவியாகாத கேஸ் திரவமாவே கம்ப்ரஸருக்குத் திரும்பினா கம்ப்ரஸரே காலியாகலாம்.

நீங்களே செய்யக்கூடியது (செலவு: 0 ரூபாய்)

- கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோடில் ரெண்டு, மூணு மணி நேரம் ஓட விடுங்க. கீழே பக்கெட் வைங்க. ஐஸைக் கத்தியால் சுரண்டாதீங்க, காயிலில் ஓட்டை விழுந்தா செலவு ஆயிரங்களில் போகும்.

- மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு ஃபில்டரைக் கழட்டிக் குழாய்த் தண்ணியில் கழுவுங்க. நிழலில் நல்லா காய்ஞ்ச பிறகு மாட்டுங்க.

- 24 டிகிரி, ஃபேன் மீடியம் அல்லது ஹைல வைங்க. கோயம்புத்தூரில் மார்கழி ராத்திரி வெளியவே குளிரா இருக்கும்போது 18-ல வெச்சு, ஃபேனை லோல விட்டா, நல்ல ஏசியிலும் ஐஸ் கட்டலாம்.

- ஸ்க்ரீன், அலமாரி எதுவும் ஏசி காத்தை மறைக்காமப் பாருங்க.

24-க்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி திறன் அமைப்பான பீஇஇ சொல்லுது. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் ரேட்டிங் உள்ள ரூம் ஏசிகளுக்கு 24-ஐயே டிஃபால்ட்டாவும் ஆக்கியிருக்காங்க.

அப்புறமும் ஐஸ் வந்தா?

அடுத்தது வெட் சர்வீஸ். பம்ப் வெச்சுக் காயிலையும் ப்ளோயரையும் கழுவுவாங்க. எங்க ஏரியாவில் நான் கொடுத்தது 600 ரூபாய். கேஸ் பேச்சு அதுக்கு அப்புறம்தான்.

ஒரு சின்னத் துப்பு: அவுட்டோர் யூனிட் கைக்கு எட்டுற இடத்தில் இருந்தா, ஏசி ஓடும்போது பைப்பைப் பாருங்க. மெல்லிய பைப்பில் மட்டும் ஐஸ் இருந்தா கேஸ் குறைவா இருக்க வாய்ப்பு அதிகம். காயில் முழுக்க ஒரே மாதிரி ஐஸ்னா அழுக்குப் பக்கம் சந்தேகப்படலாம். மாடி வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா எக்கிப் பார்க்க வேண்டாம்!

'கேஸ் கம்மி'ன்னு சொன்னா கேட்க வேண்டிய 4 கேள்வி

1. பிரஷர் எவ்வளவு காட்டுதுங்க? கேஜைக் காட்டச் சொல்லுங்க.

2. லீக் எங்கே? சோப்பு நுரை அல்லது நைட்ரஜன் வெச்சுக் கண்டுபிடிச்சு, அடைச்ச பிறகுதான் கேஸ்.

3. வேக்யூம் பம்ப் போடுவீங்களா? லீக்கை அடைச்ச பிறகு குழாய்க்குள் இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தே ஆகணும்.

4. எத்தனை கிராம் போடுறீங்க? கேஸோட பேரும் எடையும் அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கும். இப்போ பல ஏசிகளில் இருக்கிற ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வகை, அதனால் தெரிஞ்ச ஆளா பார்த்துக் கூப்பிடுங்க.

பணம் கொடுக்கும் முன்னாடி வாரன்டி கார்டையும் ஏஎம்சி பேப்பரையும் ஒரு தடவை படிச்சிடுங்க. கம்ப்ரஸருக்கு 10 வருஷ வாரன்டின்னா கேஸுக்கும் 10 வருஷம்னு அர்த்தமில்லை. கேஸ் அடங்குதான்னு தனியாப் பாருங்க. ஹவுஸ் ஓனரோட ஏசின்னா ரிப்பேர் யார் தலையில்னு அக்ரிமென்ட்ல முன்னாடியே எழுதி வாங்குங்க.

என் கணக்கு

ஃபில்டர் கழுவினேன், வெட் சர்வீஸ் பண்ணினேன். மொத்தம் 600 ரூபாய். மூணு மாசமாச்சு, ஐஸ் வரலை. அப்போ போன வருஷம் கொடுத்த 2,800? தேவைப்பட்டுச்சா, தண்டமான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஏன்னா அன்னிக்கு நான் பிரஷரும் கேட்கலை, கிராமும் கேட்கலை. "சரிங்க"ன்னு ஜிபே மட்டும் பண்ணினேன்.

இப்போ மாசம் 150 ரூபாயை 'ஏசி'ன்னு தனியா ஒதுக்கிடறேன். வருஷத்துக்கு 1,800. ரெண்டு வெட் சர்வீஸ் போக 600 மிச்சம். சம்பளம் வர்ற நாள்ல ஃபில்டர் கழுவணும்னு போன்ல ரிமைண்டரும் இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க ஃபில்டரையும் கழட்டிப் பாருங்க. ஃபில்டர் கழட்டுறதிலிருந்து மாட்டுறது வரைக்கும் சேனல்ல வீடியோவாப் போட்டிருக்கேன். 'கேஸ் கம்மி'ன்னு நீங்க எவ்வளவு கொடுத்தீங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்தவருக்கு உதவும்.