உஷார்! ஜெபம் தூங்கினால் கோபம் விழித்துக்கொள்ளும்

இதைப் பிறகு வாசிக்கலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். ஆபத்து நம் வாசலில் நிற்கவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஞாயிறு காலை ஆராதனையில் கைகளை உயர்த்திப் பாடியவர், மதியம் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறார். உபவாச ஜெபத்தில் கண்ணீர் விட்ட வாலிபன், நள்ளிரவில் போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடாததைப் பார்க்கிறான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்த அண்ணனும் தம்பியும் அப்பா விட்டுப்போன ஒரு துண்டு நிலத்துக்காக வருடக்கணக்கில் பேசாமல் இருந்துகொண்டு, ஒரே திருவிருந்தில் பங்குபெறுகிறார்கள்.

இவர்கள் யாரும் வேஷக்காரர்கள் இல்லை. ஆண்டவரை உண்மையாகவே நேசிக்கிறவர்கள். எனக்குப் பதற்றமே அதனால்தான். நேசம் இருந்தால் போதும், விழமாட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி நம்பிய ஒருவருக்கு ஒரே இரவில் என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

பேதுருவின் இரவு

பேதுரு அந்த மாலையில்தான் ஆண்டவரின் கையால் அப்பத்தை வாங்கிப் புசித்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் விட்டுப்போனாலும் தான் போகமாட்டேன் என்றும், சாக நேர்ந்தாலும் மறுதலிக்கமாட்டேன் என்றும் உறுதியாகச் சொன்னார். அது மனதார வந்த பேச்சு.

அங்கிருந்து கெத்செமனே தோட்டம். சோதனையில் விழாதபடி விழித்திருந்து ஜெபிக்கும்படி இயேசு கேட்டார். பேதுரு தூங்கிவிட்டார். ஆண்டவர் வந்து எழுப்பினார், பேதுரு மறுபடியும் தூங்கினார். மூன்றாம் முறை வந்தபோதும் அதே தூக்கம். ஒரு மணி நேரம்கூடவா முடியவில்லை என்று அவர் கேட்ட கேள்வியை மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போது நமக்கே நெஞ்சு வலிக்கிறது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். சேவகர்கள் தீவட்டிகளோடு வந்தார்கள். ஜெபித்து எழுந்த இயேசு அமைதியாக முன்னால் போய் நின்றார். தூங்கி எழுந்த பேதுரு பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனின் வேலைக்காரனான மல்குஸின் வலது காதை வெட்டினார். ஒரே தோட்டம், ஒரே நெருக்கடி. ஒருவர் அதற்கு முந்தைய நேரத்தை முழங்காலில் கழித்தார், மற்றவர் தூக்கத்தில் கழித்தார். அந்தக் காதைச் சுகப்படுத்தியவரும் இயேசுதான் என்று லூக்கா எழுதுகிறார்.

கதை அங்கே முடியவில்லை. சில மணி நேரத்தில் பிரதான ஆசாரியனின் அரமனை முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்றார். நீயும் அவனுடைய சீஷன்தானே என்ற கேள்வி மூன்று முறை வந்தது. மூன்றாவதாகக் கேட்டவன் யார் தெரியுமா? காதறுபட்ட மல்குஸின் இனத்தான். யோவான் 18:26-ஐத் திறந்து பாருங்கள். தோட்டத்தில் உன்னைப் பார்த்தேனே என்கிறான் அவன். கோபத்தில் செய்த செயல் சாட்சியாக எதிரே வந்து நிற்கிறது. பயம் பிடித்துக்கொண்டது. பொய் வந்தது. சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினார்.

தூக்கம், கோபம், பயம், பொய், சாபம். இத்தனையும் ஒரே இரவுக்குள். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தவறவிட்ட ஒரு மணி நேர ஜெபம்.

நான் சொல்ல வந்த எச்சரிப்பு இதுதான்: நாம் விழுவது பாவம் செய்யும் நிமிடத்தில் அல்ல. ஜெபத்தை விட்ட நேரத்திலேயே விழத் தொடங்கிவிட்டோம். நடுவில் இருக்கும் நேரம் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வரப்பில் நண்டு வளை விழுந்த வயலை விவசாயி அறிவார். வெளியே எதுவும் தெரியாது, விடியும்போது தண்ணீர் முழுவதும் வடிந்திருக்கும்.

உஷார்! இந்த அடையாளங்கள் உங்களிடம் உண்டா?

ஒன்று: ஜெபம் சுருங்குகிறது. குடும்ப ஜெபம் வாரம் ஒருமுறையாகி, பிறகு பண்டிகைக்கு மட்டும் என்றாகிறது. ஊழியத்துக்கு நேரம் இருக்கிறது, பாடகர் குழு பயிற்சிக்கு நேரம் இருக்கிறது, தனி ஜெபத்துக்கு மட்டும் இல்லை. போதகர்களும் மூப்பர்களும் இந்த இடத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிறருக்காக மேடையில் ஜெபிப்பது தனியறை ஜெபத்துக்கு ஈடாகாது.

இரண்டு: இரகசியம் கூடுகிறது. யாராவது அறைக்குள் வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். பார்த்த பக்கங்களின் வரலாற்றை அழிக்கிறீர்கள். வாங்கிய கடன் வீட்டுக்குத் தெரியாது. சோதனைக்குப் பிடித்த நேரம் தனிமையும் இரவும். அரசாங்கத்துக்கே இது தெரிந்திருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை போட்டுத் தமிழக அரசு 2025 பிப்ரவரியில் விதிமுறை கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றை முழுவதுமாகத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் எந்தச் சட்டமும் நம் போர்வைக்குள் வந்து காவல் இருக்காது.

மூன்று: மனதுக்குள் வழக்கு நடக்கிறது. குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் உங்களைக் காயப்படுத்தியவரோடு வாதாடிக்கொண்டே இருக்கிறீர்கள். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தவவாழ்வு நடத்திய எவாக்ரியூஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். கோபம் மனதில் தங்கிவிட்டால், ஜெபிக்கக் கண்ணை மூடும் நேரத்தில் நம்மை வருத்தியவரின் முகமே வந்து நிற்கும் என்று அவர் எச்சரித்தார். உங்களுக்கும் அப்படி நடக்கிறதா? அப்படியானால் கோபம் ஏற்கெனவே ஜெபத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது.

நான்கு: எனக்கு இது சேரவேண்டியதுதான் என்ற எண்ணம் வருகிறது. இவ்வளவு உழைக்கிறேன், எவ்வளவோ பொறுத்தேன், இதைக்கூட அனுபவிக்கக்கூடாதா? ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அரண்மனையிலேயே தங்கிவிட்ட தாவீது, ஒரு சாயங்காலம் உப்பரிகையில் உலாவினார். அப்போது உரியாவின் மனைவிமேல் எழுந்த இச்சை உரியாவின் கொலையில் போய் முடிந்தது. அதன்பின் தீர்க்கதரிசியான நாத்தான் வந்து, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னபோது, அந்தப் பணக்காரன்மேல் தாவீதுக்குக் கடுங்கோபம் மூண்டது! தன் பாவத்தை மூடிவைத்திருப்பவன் அடுத்தவன் பாவத்தின்மேல் சீறுவான். இச்சையும் கோபமும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

வசனத்தை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். நாற்பது நாள் உபவாசமிருந்து பசியாயிருந்த இயேசுவிடம் சோதனைக்காரன் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் அவர் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் உள்ள வார்த்தைகளால் பதில் சொன்னார். சுருளைத் தேடிப் போகவில்லை, உள்ளத்தில் இருந்ததை எடுத்தார். எவாக்ரியூஸும் ஒவ்வொரு கெட்ட எண்ணத்துக்கும் எதிராகச் சொல்ல வேண்டிய வசனங்களைத் திரட்டி ஒரு புத்தகமே எழுதினார். புத்தாண்டு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த வசனம் நம் சுவரில் தொங்குகிறது. நல்லதுதான். கோபம் ஏறும்போது சொல்ல உங்களிடம் ஒரு வசனம் உண்டா? யாக்கோபு 1:19-ஐயும் நீதிமொழிகள் 15:1-ஐயும் இந்த வாரமே படித்து மனதில் பதியுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சிறு ஜெபம் பழகுங்கள். கடலில் அமிழத் தொடங்கிய பேதுரு நீண்ட ஜெபம் செய்யவில்லை, காப்பாற்றும் என்று ஒரே குரலில் கூப்பிட்டார். கை உடனே நீண்டது. மனைவி ஒரு வார்த்தை சொல்லி உங்களுக்குச் சுருக்கென்றதா? பதில் பேசுமுன் 'இயேசுவே, என் வாயைக் காத்துக்கொள்ளும்' என்று உள்ளுக்குள் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கோபமாகத் தட்டிய பதிலை அனுப்பாதீர்கள். ஜெபித்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள், பெரும்பாலும் நீங்களே அழித்துவிடுவீர்கள்.

ஓட வேண்டிய இடத்தில் ஓடுங்கள். போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்தபோது யோசேப்பு அங்கேயே நின்று ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினார். ஃபோன் இரவில் உங்கள் அறையில் இருக்க வேண்டாம், கூடத்தில் சார்ஜ் ஆகட்டும். அந்தச் செயலியை நீக்குங்கள், அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்துங்கள்.

பொழுது சாயுமுன் ஒப்புரவாகுங்கள். கோபத்தோடு இரவுக்குள் போனால் பிசாசுக்கு இடம் கொடுக்கிறோம் என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் நம் ஆண்டவர். அடுத்த திருவிருந்துக்கு முன் அந்த அண்ணனுக்கு, அந்த நாத்தனாருக்கு ஃபோன் செய்யுங்கள்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்பது யாக்கோபின் போதனை. வாயடக்கமுள்ள, ஜெபிக்கிற ஒரு நபரைத் தேடிக்கொள்ளுங்கள். இரகசியம் வெளிச்சத்துக்கு வந்தவுடன் அதன் பலத்தில் பாதி போய்விடும்.

இன்னும் இரண்டு எச்சரிப்பு

ஜெபத்தைத் திரையாக்காதீர்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் 'பொறுத்துக்கொண்டு ஜெபி அம்மா' என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம். அவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்க அவருக்குத் துணையாக நில்லுங்கள். குடியிலோ சூதிலோ சிக்கியவரை ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இருக்கிறது. மருந்தும் ஆலோசனையும் விசுவாசத்துக்கு விரோதம் இல்லை.

சோதிக்கப்படுவதையே பாவம் என்று நினைத்து நொந்துபோகாதீர்கள். நம்மைப்போலவே எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராய் இருந்தவர் இயேசு என்கிறது எபிரெயர் நிருபம். விழுந்துவிட்டாலும் எழலாம். அதே இரவில் யூதாசும் விழுந்தான், பேதுருவும் விழுந்தார். யூதாஸ் நம்பிக்கையற்றுப் போய் தன்னையே அழித்துக்கொண்டான். பேதுரு அழுதுகொண்டே திரும்பினார். அவர் விழுமுன்பே, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தார். உங்களுக்காகவும் வேண்டுதல் செய்துகொண்டிருக்கிறார்.

தோட்டத்தில் தூங்கிய அதே பேதுருதான் பிற்காலத்தில் தன் முதல் நிருபத்தில், தெளிந்த புத்தியோடு விழித்திருங்கள், எதிராளி கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித் திரிகிறான் என்று சபைகளை எச்சரித்தார். பட்டுத் தெரிந்துகொண்டவர் சொல்கிறார், கேட்போம். இன்று இரவு படுக்குமுன் பத்து நிமிடம் முழங்காலிடுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரைக் கண்டால் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்பதை ஆண்டவரிடம் பேர் சொல்லிச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சோதனை நாளைக்கு முன்பே வந்துவிடலாம்.