கிச்சன் மேடைக்கு எந்தக் கல்? சதுர அடி ரேட்டை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க

பழைய கிச்சனைக் கொஞ்சம் புதுசு பண்ணலாம்னு இறங்கினா, பட்ஜெட் முதல்ல உடையுற இடம் சமையல் மேடைதான். கடைக்காரர் "சதுர அடி 150 ரூபாய்தான் சார்"னு சொல்வார். நாமளும் மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடுவோம். கடைசியில பில் வரும்போது, கல்லோட விலை அதுல ஒரு பங்குதான் இருக்கும். நோசிங், சிங்க் கட்டிங், வண்டி வாடகை, மேஸ்திரி கூலி, வரி எல்லாம் சேர்ந்து மீதி. அதனால ரேட்டுல பேரம் பேசுறதுக்கு முன்னாடி அளவுல தெளிவா இருக்கணும். வீடியோல இதை வேகமா சொல்லிட்டுப் போயிட்டேன். இங்க பேப்பர் பேனாவோட பார்ப்போம்.

அச்சரப்பாக்கத்துல ஒரு சின்ன வீடுன்னு வச்சுக்கோங்க. எல் வடிவ மேடை. ஒரு சுவர் பக்கம் 9 அடி, இன்னொரு சுவர் பக்கம் 5 அடி, அகலம் 2 அடி. நிறைய பேர் எப்படி அளப்பாங்க? 9 + 5 = 14 அடி, இரண்டால பெருக்கினா 28 சதுர அடி. ஆனா மூலையைக் கவனிங்க. அந்த 2 x 2 அடி சதுரம் ரெண்டு பக்கக் கணக்குலயும் வந்துடுது! சரியான கணக்கு 9 x 2 = 18, அப்புறம் மூலை போக மீதி 3 x 2 = 6. மொத்தம் 24 சதுர அடி. 4 சதுர அடி, அதாவது 600 ரூபாய், இல்லாத கல்லுக்குப் போகுது.

நோசிங்ல இது இன்னும் மோசம். விளிம்பை உருட்டி பாலிஷ் போடுறதுக்கு ரன்னிங் அடி கணக்குல காசு. சுவர் பக்கம் 14 அடின்னா, நீங்க நிக்கிற முன்பக்கம் 14 அடி கிடையாது. 7 + 3 = 10 அடிதான். மேடையோட ஒரு முனை சுவர்ல முட்டாம திறந்து இருந்தா 2 அடி சேர்த்துக்கோங்க, அவ்வளவுதான். டேப்பை முன்பக்கமா பிடிச்சு அளக்கச் சொல்லுங்க. யாரும் வேணும்னே ஏமாத்துறாங்கன்னு நான் சொல்லல, சுவரை ஒட்டி அளக்குறது பழக்கமாயிடுச்சு.

இப்போ கல்லுக்கு வருவோம். நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பழைய வீடுகள்ல பார்த்தீங்கன்னா கடப்பாக் கல்தான் இருக்கும். ஆந்திராவோட கடப்பா மாவட்டத்துல இருந்து வர்றதால அந்தப் பேரு. விலை குறைவு, கறுப்பா அழகா இருக்கும். ஆனா அது சுண்ணாம்புக்கல் வகை, அமிலம் பட்டா அரிக்கும். நம்ம வீட்டுல தினமும் புளி கரைக்கிறோம், எலுமிச்சை பிழியுறோம். கொஞ்ச நாள்ல வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்து பாலிஷ் போயிடும். மார்பிளும் அதே கதைதான், கூடவே மஞ்சள் கறையும் பிடிக்கும். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, சூடான குக்கரை இறக்கி வச்சாலும் தாங்கும். அதனால மேல்மேடைக்கு கிரானைட், கீழே பாத்திரம் அடுக்குற தட்டுக்கும் நடுத்தடுப்புக்கும் கடப்பா. பட்ஜெட் வீட்டுக்கு இந்தக் கலவைதான் சரின்னு நான் நினைக்கிறேன். எல்லாத்துக்கும் கிரானைட் கேட்குறது வீண் செலவு.

கிரானைட்லயும் எல்லாருக்கும் கறுப்புதான் வேணும். பிரகாசம் மாவட்டத்து சீமகுர்த்தியில இருந்து வர்ற பிளாக் கேலக்ஸி மாதிரி பேர் போன கல்லுக்கு விலையும் அப்படித்தான் இருக்கும். புள்ளி போட்ட சாதா கல்லு அதே வேலையைத்தான் செய்யுது, எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணிக் கறையையும் நல்லா மறைக்கும். "ரொம்ப சீப், ஜெட் பிளாக்"னு யாராவது கொடுத்தா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல நனைச்சு கல்லு மேல அழுத்தித் தேயுங்க. பஞ்சு கறுப்பானா அது சாயம் ஏத்தின கல். அப்படியே கையில ஸ்கேல் வச்சு கனத்தையும் அளந்துடுங்க. 18 எம்எம்னு சொல்லி 15 எம்எம் வந்தா சிங்க் முன்னாடி இருக்கிற ஒல்லியான பட்டையிலதான் முதல்ல விரிசல் விடும்.

குவார்ட்ஸ் பத்தி ஒரு வரி. பார்க்க நல்லா இருக்கும், ஆனா கல்தூளை ரெசின்ல கலந்து செய்றது, சூடு பட்டா நிறம் மாறும். விலையும் கூட. நம்ம சமையலுக்கும் நம்ம பட்ஜெட்டுக்கும் வேண்டாம். அதை வெட்டும்போது வர்ற தூசியால தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருதுன்னு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே போட்டுடுச்சு. கிரானைட் தூசியும் நல்லதில்லை. வீட்டுல வெட்டினா தண்ணி ஊத்தி வெட்டச் சொல்லுங்க, குழந்தைங்களை வெளியே அனுப்பிடுங்க.

இதைவிடக் குறைவா முடிக்கணுமா? பழைய மேடை ஆடாம உறுதியா இருந்தா உடைக்கவே வேண்டாம். மேலேயே 2 x 4 அடி விட்ரிஃபைட் டைல் ஒட்டலாம். மேடை அகலமும் 2 அடிங்கிறதால 4 அடிக்கு ஒரு இணைப்புதான் வரும். ஒட்டுறதுக்கு டைல் அடெசிவ், இணைப்புக்கு எபாக்ஸி. சாதா சிமென்ட் கிரவுட் போட்டா எண்ணெய் இறங்கி கறுத்துடும். குறை என்னன்னா, ஓரத்துல கனமான பாத்திரம் இடிச்சா சில்லு பேந்துடும். தேங்காயை மேடையில தட்டி உடைக்கிற வீடா இருந்தா இந்த யோசனையை விட்டுடுங்க.

வரியை மறக்காதீங்க. ஜிஎஸ்டி ரோட்டு மேலேயே இருக்கிற ஊருக்கு ஜிஎஸ்டி பத்தி நான் சொல்லணுமா என்ன! பாலிஷ் போட்ட கிரானைட்டுக்கு 18 சதவீதம். நம்ம 24 சதுர அடிக்கு கல் 3,600, வரி 648, ஆக 4,248 ரூபாய். சென்னைப் பக்கம் போய் வாங்கினா சதுர அடிக்குப் பத்து இருபது குறையலாம். ஆனா 24 சதுர அடிக்கு அது 480 ரூபாய்க்கு மேல போகாது. வண்டி வாடகையும் டோலும் அதைத் தின்னுடும். சின்ன மேடைக்கு மதுராந்தகம், திண்டிவனம்னு பக்கத்துலயே பாருங்க. வீடு முழுக்கத் தரைக்கும் சேர்த்து வாங்கினாதான் தூரம் போறது லாபம்.

கடன் வாங்கலாமான்னா, மேடையோட சேர்த்து கபோர்டு, சிம்னி எல்லாம் ஒரே மூச்சுல முடிக்க 40,000 ரூபாய் பர்சனல் லோன் எடுக்குறீங்கன்னு வச்சுக்கோங்க. 16 சதவீத வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 1,960 வரும், வட்டி மட்டும் கிட்டத்தட்ட 7,000. நம்ம மேடைக்கு ஒன்றரை தடவை கல் வாங்குற காசு! மேடையையும் சிங்கையும் இப்போ கையில இருக்கிற பணத்துல முடிங்க. கபோர்டு கதவு ஆறு மாசம் கழிச்சு வரட்டும், அதுவரைக்கும் ஸ்கிரீன் துணி போதும்.

தரைக்குப் புது டைல்ஸ் போடப்போறீங்கன்னா அதை முதல்ல முடிச்சுட்டு மேடை உயரத்தை வைங்க. இல்லன்னா மேடை ஒரு இஞ்ச் தாழ்ந்து போய், சமைக்கிறவங்களுக்கு முதுகு வலி வந்துடும். சமைக்கிறவங்களையே நிக்க வச்சு உயரம் குறிங்க. வெட்டினது போக மிச்சத் துண்டையும் கேட்டு வாங்குங்க, அதுக்கும் காசு கொடுத்தது நீங்கதான். ஜன்னல் திண்டுக்கோ குடம் வைக்கவோ ஆகும். பழைய கடப்பாக் கல்லையும் மேஸ்திரி குப்பையோட அனுப்பிடாம பார்த்துக்கோங்க, பின்பக்கம் துணி துவைக்க நல்லா இருக்கும்.